பேர் கொடுத்தவள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். முழங்கால், சர்க்கரை, மருமகள். அதற்கும் மேலே நேரம் இருந்தால் அவரவர் அப்பாவைப் பற்றி ஆரம்பித்துவிடுவோம். எல்லாருடைய அப்பாவும் கண்டிப்பானவர், ஆனால் தங்கமானவர். போன மாதம் சபைப் பெண்கள் கூட்டத்தில் உங்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ மட்டும் ஏன்டி உங்கப்பாவப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்குற, குடிகாரர்னு வெக்கமா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்புவதில் எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம். வெட்கம் இருப்பது உண்மைதான், ஆனால் அவள் நினைக்கிற இடத்தில் இல்லை. ஒரே ஒரு முந்திரிப் பருவத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக்காட்டு ஓரம் எங்கள் ஊர். சாராயக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. பங்குனி பிறந்தால் ஊரே முந்திரிப்பழ வாசனையில் ஊறிப்போகும். அந்தப் பழத்தைத் தின்றவர்களுக்குத் தெரியும், முதலில் இனிக்கும், பிறகு தொண்டையைப் பிடிக்கும். சாறு பட்ட பாவாடையை எத்தனை முறை துவைத்தாலும் கறை போகாது. கொட்டைக்குத்தான் மதிப்பு. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே குவித்துவிடுவார்கள். மூன்றாம் நாள் குவியல் நுரைக்கும். ஐந்தாம் நாள் காட்டுக்குள் போனாலே தலை கிறுகிறுக்கும். அதைத் தின்ற ஆடுகள் கால் பின்னி நடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்போம்.

அப்பாவுக்கு அந்தக் காட்டில்தான் வேலை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை, அந்த நுரைத்த குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்து கொட்டை திருகுவார். அவர் குடித்த காலத்தைப் பற்றி விவரமாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அம்மாவின் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது, அது போதும். அப்படிக் குடித்தவர் அதற்கு முந்தைய ஆவணியில் ஒருநாள் நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

எங்களுடையது நாற்பது கிறிஸ்தவக் குடும்பம் உள்ள ஓட்டுக் கூரைக் கோயில். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அரியலூரில் இருந்தார், மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவார். மற்ற நாட்களில் எல்லாம், ஊரிலேயே இருந்து ஆராதனை நடத்துகிற உபதேசியார் வைத்ததுதான் சட்டம். நல்ல மனுஷர், பாட்டில் மட்டும் சுருதி சேராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பாவை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார். அப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"கனவுல ஏதாச்சும் கண்டீங்களா? சத்தம் கித்தம் கேட்டுச்சா?" என்று உபதேசியார் எடுத்துக் கொடுத்தார்.

"இல்லீங்க. காலைல எழுந்தேன், வேணாம்னு இருந்துச்சு. நானா நிறுத்தலீங்க. யாரோ குடுத்தாப்புல இருந்துச்சு, வாங்கிக்கிட்டேன். நாளைக்கும் குடுக்கணும்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான் சாட்சி. சபையாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாம்பு கடித்துப் பிழைத்த கதையும் வானத்திலிருந்து குரல் வந்த கதையும் கேட்டுப் பழகிய காதுகள் அவை. "இன்னும் முழுசா மனந்திரும்பல போலருக்கு" என்று எனக்குப் பின்னால் ஒரு அத்தை முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா கொஞ்சம் அழுதிருக்கலாம் என்று நினைத்தேன்.

நிறுத்தியவருக்கு ஆசையும் நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் குடிகாரர் வீட்டில் வளராதவர்கள். முந்திரி பழுக்கத் தொடங்கியதும் அம்மா என்னிடம், "பள்ளிக்கூடம் வுட்டதும் நேரா காட்டுக்குப் போ. அப்பன தனியா வுடாத, கூட்டிக்கிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டாள். காட்டிலிருந்து வீட்டுக்கு நேர்வழி அரை மைல். வழியில் சாராயக்கடை. கோயிலிலிருந்து வீட்டுக்கு வருவதற்கும் அதே வழிதான். அதனால் நாங்கள் ஏரிக்கரையைச் சுற்றி ஒன்றரை மைல் நடப்போம். அப்பா கன்னத்தில் ஒரு சுக்குத் துண்டை ஒதுக்கிக்கொள்வார். சுக்கு வைக்க ஒரு தகர டப்பா இருந்தது, மூடியில் மான் படம் போட்டது. எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ, தெரியவில்லை. கடைப்பக்கமிருந்து காற்று வந்தால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். அந்த ஒரு பருவத்தில் என் கண்ணாடி வளையல் ஆறு உடைந்தது.

நடக்கும்போது பரமண்டல ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார். 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்ற வரிக்கு வந்ததும் மேலே போகமாட்டார். அதையே பத்து முறை, இருபது முறை சொல்வார். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

"ஏம்ப்பா அதையே சொல்றீங்க?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"மத்ததெல்லாம் எல்லாருக்கும் பாப்பா. இது எனக்கு."

இப்போது அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அன்றைக்கு, வீட்டுக்குப் போனால் என்ன குழம்பு என்பதுதான் என் கவலை.

நம்மில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும், பழைய வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். ராப்போஜனம், அதாவது அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற ஆராதனை, எங்களுக்கு வருஷத்தில் நாலைந்து முறைதான். வாங்குகிறவர்கள் முன்கூட்டியே உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவதும் உண்டு. ஆராதனையில் ஒவ்வொரு பேராக வாசிப்பார்கள், எழுந்து முன்னால் போய் முழங்கால் போட வேண்டும். பேர் கொடுக்காதவன் ஏதோ பாவத்தை மறைக்கிறான் என்று அர்த்தம். பேர் கொடுத்துவிட்டு வராதவன் ஆண்டவருடைய பந்தியை அவமதித்தவன். மூன்றாவதாக ஒரு வகை இருக்கலாம் என்று எங்கள் சபையில் யாருக்கும் தோன்றவில்லை.

ரசம் செய்வது உபதேசியார் வீட்டம்மா. உலர்ந்த திராட்சையும் சர்க்கரையும் போட்டுப் பீங்கான் ஜாடியில் துணி கட்டி, இருட்டறையில் நாற்பது நாள் வைப்பார்கள். ஜாடி திறக்கிற அன்று பிள்ளைகள் வாசலிலேயே நிற்போம். மூக்கைத் துளைக்கும். நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்தால் சுரீரென்று ஏறும். எல்லாரும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில்தான் குடிப்பார்கள். இன்றைக்கு நமக்குக் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கிண்ணத்தில் திராட்சைச் சர்பத் தருகிறார்கள். அது எந்தக் குடிகாரனையும் ஒன்றும் செய்யாது. சுகாதாரத்துக்காக மாற்றினார்களாம்.

நிறுத்திய நாளிலிருந்து அப்பா ராப்போஜனத்துக்குப் பேர் கொடுக்கவே இல்லை. குடித்த காலத்தில் தவறாமல் கொடுத்தவர். உபதேசியார் எங்கள் வாசலுக்கே வந்து கேட்டார். அப்பா குரலைத் தணித்து, "அந்த வாசன பட்டாலே நாக்கு எழுந்துக்குதுங்க. ஒரு வாய் உள்ள போச்சுன்னா என்னால ஆவாது" என்றார்.

உபதேசியார் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "ஆண்டவர் ரத்தத்தச் சாராயத்தோட சேத்துப் பேசுறியாய்யா? அது மருந்து. மருந்து எங்கயாச்சும் நோவக் குடுக்குமா? உனக்கு விசுவாசம் பத்தல."

அதன்பிறகு அப்பா யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

ஈஸ்டர் பாட்டுக்கு முன்வரிசையில் என்னை நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் குரல் உண்டு என்று அப்போது பேர். புதுப் பாவாடை, மஞ்சளில் பச்சைக் கரை, தைத்துத் தயாராக இருந்தது. பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை, பாடிப் பழகும்போது உபதேசியார் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். என் வகுப்புதான்.

"நீ பின்னாடி போவணுமாம். பேர் குடுக்காதவங்க வூட்டுப் புள்ளய முன்னாடி நிறுத்தக் கூடாதாம். உங்கப்பா காட்டுல ஒளிஞ்சு குடிக்கிறாராமே, அதான் பேர் குடுக்கலயாம். எங்கம்மா சொன்னாங்க."

ஒளிந்து குடிக்கவில்லை என்று இந்த உலகத்தில் உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நான். தினமும் அவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி நடந்தவள். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று என் மண்டையில் உதித்தது.

புதன்கிழமை மத்தியானம் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா பேர எழுதிக்கச் சொன்னாங்க."

"ஸ்தோத்திரம்!" என்று எழுந்தே நின்றுவிட்டார் மனுஷர். கண் கலங்கியது. உள்ளே திரும்பி வீட்டம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மா என் கன்னத்தைத் தடவி, ஜாடிக்குப் போட்டது போக மிஞ்சிய உலர்ந்த திராட்சையில் ஒரு பிடி கொடுத்தாள். வழியெல்லாம் தின்றுகொண்டே வந்தேன். நல்ல இனிப்பு. அப்பாவுக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு முன்வரிசை வேண்டியிருந்தது.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

பெரிய வியாழன் சாயங்காலம் ராப்போஜனம் கொடுக்க ஐயர் வந்துவிட்டார். கோயிலில் பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில். உபதேசியார் பேர் வாசித்துக்கொண்டே வந்தார். அப்பா பேர் வந்தது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா முதலில் உபதேசியாரைப் பார்த்தார், பிழை என்று நினைத்திருப்பார். பிறகு மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பினார். அம்மாவும் விழித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததாக என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் அப்போது எழுந்து, "நான் பேர் குடுக்கலீங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பொய் சொன்னவள் யார் என்று நாற்பது குடும்பத்துக்கும் தெரிந்திருக்கும். அவர் எழுந்தார். முன்னால் போய் முழங்கால் போட்டார்.

அப்பம் வாங்கினார். ஐயர் பாத்திரத்தோடு வந்தார். காணாமல் போன ஆடு வந்துவிட்ட சந்தோஷம் ஐயருக்கு. மற்றவர்களுக்கு உதடு நனையக் காட்டியவர், அப்பாவுக்கு மட்டும் பாத்திரத்தை நன்றாகவே சாய்த்தார். அப்பாவின் தொண்டைக்குழி இரண்டு முறை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சாட்சி அன்றைக்கு முணுமுணுத்த அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அப்பா ஜெபம் சொல்லவில்லை. என் கையையும் பிடிக்கவில்லை.

பெரிய வெள்ளி ஆராதனை மூன்று மணிக்கு முடிந்தது. அப்பா வெளியே வந்தார், செருப்பை மாட்டினார். நேர்வழியில் நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "அப்பா, இந்தப் பக்கம் வாங்கப்பா, கரை வழியா போவலாம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். நின்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கோபம் இல்லை, முகத்தில் ஆளே இல்லை. "நீ போ பாப்பா" என்றார். என் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டார். வலிக்காமல் எடுத்தார்.

சனிக்கிழமை வரவில்லை. ஈஸ்டர் ஆராதனையில் நான் முன்வரிசையில் நின்று பாடினேன். நன்றாகவே பாடினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். முடிந்து வெயில் ஏறியபின் எல்லாரும் வெளியே வந்தோம். கோயில் வாசலில், மணி தொங்கும் தூணுக்குக் கீழே அப்பா கிடந்தார். ஆராதனைக்குத்தான் வந்திருக்கிறார், வாசல் வரைக்கும்தான் கால் வந்திருக்கிறது. சட்டை நனைந்திருந்தது. ஈ மொய்த்தது. அம்மா ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். உபதேசியார் மகள் என் பாவாடையைப் பிடித்து, "பாத்து, மிதிச்சுடாத" என்றாள். நான் சுற்றிக்கொண்டு போனேன். ஆமாம், என் அப்பாவைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

ஒன்பது நாள் குடித்தார். பத்தாம் நாள் ஐயர் விசாரிக்க வந்தார். கோயிலுக்குள் ஐயர் நாற்காலியில், பெரியவர்கள் நாலு பேர் பெஞ்சில், அப்பா நடுவில் நின்றார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நானும் அம்மாவும் சுவரோரம்.

"பந்தியில கைய வச்சிட்டு மறுநாளே சாராயக்கடைக்குப் போனா அது எவ்வளவு பெரிய பாவம்னு தெரியுமாய்யா உனக்கு?" என்றார் ஐயர். "உன்ன யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா? நீயாத்தானே பேர் குடுத்த?"

"அவரு மவதான் வந்து சொன்னுச்சுங்க ஐயரே" என்றார் உபதேசியார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய்க்குள் சொல் தயாராக இருந்தது, நிஜமாகவே இருந்தது. அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"ஆமாங்க. நாந்தான் சொல்லி அனுப்புனேன். புள்ள மேல ஒண்ணுமில்ல."

தண்டனையாக அப்பாவைச் சபை ஒழுங்கில் வைத்தார்கள். இனி ராப்போஜனம் கிடையாது, சபைக் காரியத்தில் பேச்சு கிடையாது. திரும்பச் சேர வேண்டுமானால் சபைக்கு முன் அறிக்கையிட்டுப் பாத்திரத்தை வாங்க வேண்டும். அப்பா ஐயருக்கு ஓரடி கிட்டே வந்தார்.

"அப்பம் மட்டும் குடுங்களேன் ஐயரே. அது போதும் எனக்கு."

ஐயர் முகம் சுளிக்கவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாதி ராப்போஜனம் நம்ம சபை முறை இல்லய்யா. ஆண்டவர் ரெண்டையும்தானே குடுத்தாரு" என்றார். அதோடு முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அந்த அறையில் கெட்டவர் என்று யாருமே இல்லை, என்னைத் தவிர. அதுதான் இந்த வயதில் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பும்போது அப்பா ஏரிக்கரை வழியாகத்தான் நடந்தார். பாதி தூரம் போனபின், "மறுபடியும் வந்துடுச்சு பாப்பா" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. "வேணாம்ங்கறது. இன்னிக்கி காலைல வந்துச்சு. நான் கேக்கவே இல்ல. கேக்குற மூஞ்சியா எனக்கு இருந்துச்சு? கேக்காமலே குடுத்தாரு."

அதன்பின் பத்தொன்பது வருஷம் அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. இதை நான் யார் முன்னாலும் சத்தியம் செய்வேன், என் சத்தியத்துக்கு மதிப்பு இருந்தால். முந்திரி வேலையை விட்டுவிட்டார். ஒவ்வொரு பங்குனியிலும் துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு பாடாலூர்ப் பக்கம் கூலி வேலைக்குத் தனியாகப் போய்விடுவார், பழ வாசனை அடங்கிய பிறகுதான் வருவார். மூன்று மாதம் வீட்டில் ஆண் இல்லாமல் அம்மா கிடப்பாள். "அங்க போயி குடிச்சிட்டுக் கெடக்குறான், இங்க குடிக்க வெக்கம்" என்று ஊர் பேசிக்கொண்டது. ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வருவார், உள்ளே வரமாட்டார். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார். மழை வந்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்வார். நான் உள்ளே பாடிக்கொண்டிருப்பேன்.

நான் வளர்ந்தேன், ராப்போஜனம் வாங்கத் தகுதி தருகிற திடப்படுத்தல் எடுத்தேன், வாத்தியார் வேலை கிடைத்துப் பெரம்பலூருக்கு வந்தேன், கல்யாணம் ஆயிற்று. ஒவ்வொரு ராப்போஜனத்துக்கும் பேர் கொடுத்தேன். ஒருமுறையும் யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. அவரைப் படுத்தியதைச் சாராயம் என்று பாத்திரத்தில் காட்டலாம், என்னைப் படுத்துவதை எந்தப் பாத்திரத்திலும் காட்ட முடியாது. எனக்கிருந்த ஆசை நல்ல பேர். அதற்குக் கடை கிடையாது, வாசனை கிடையாது, சுற்றிப் போக ஏரிக்கரையும் கிடையாது. அப்பாவுக்கு ஒரு காலையில் கிடைத்தது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. நான் அவரைப் போல மனதாரக் கேட்டேனா என்பதும் சந்தேகம்தான்.

கடைசியில் அவர் படுத்துவிட்டார். வயிற்றில் கட்டி. ஊருக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் உயிர் போவதற்கு இரண்டு நாள் முன்னால், அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, ஆரம்பித்தேன்.

"அப்பா, அன்னிக்கி பேரு குடுத்தது..."

"தெரியும், அத வுடு."

"இப்பவாச்சும் சபையில சொல்லிடுறேன்ப்பா. உங்கள ஒழுங்குல இருந்து எடுத்துடுவாங்க."



"வேணாம் பாப்பா. சொன்னா உன்னப் பேசுவாங்க. எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கமாயிடுச்சு. உனக்குப் பழக்கம் இல்ல." பிறகு, "எனக்கு ஒரு கொறையும் இல்ல. தெனமும் குடுத்துட்டாரு. ஒரு நாள்கூட நிறுத்தல" என்றார்.

ஒழுங்கில் இருந்தவர் என்பதால் கோயிலில் சாவு மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் முள்வேலியை ஒட்டிக் கடைசி மூலையில் இடம் கொடுத்தார்கள். புதிதாக வந்திருந்த உபதேசியார் சின்னதாக ஜெபம் செய்தார். மண் விழுந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் யாரோ, "குடிச்சே அழிஞ்சான், பாவம்" என்றார்கள். இன்னொருவர், "பொண்ணு தங்கம். அப்பன் பேச்சத் தட்டாத பொண்ணு" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா சொன்னபடியே வாயைத் திறக்காமல் நின்றேன். குழி மூடியதும் எல்லாரும் கை கழுவக் குழாயடிக்குப் போனார்கள். நானும் போனேன்.